ஏலத்தில் வென்றாயிற்று, விற்கிறவர் தரமாட்டேன் என்கிறார்: புதிய சேகரிப்பாளர்களுக்குச் சில வழிகள்

ஒரு திங்கட்கிழமை அதிகாலை ஒன்றரை மணி. இங்கிலாந்தில் அது ஞாயிறு இரவு எட்டு மணி. அங்கே பழைய பொருள் விற்கிறவர்கள் பலர் ஏலம் முடிகிற நேரத்தை அப்போதுதான் வைப்பார்கள், சனம் வீட்டில் இருக்கும் என்று. திருகோணமலையில் இருந்துகொண்டு ஏலம் கேட்கிற எங்களுக்கு அதனால் நித்திரை போய்விடும். அன்று நான் கேட்டது எங்கள் உட்துறைமுகத்தை மேட்டிலிருந்து பிடித்த ஒரு பழைய தபாலட்டை. ஏழாம் எட்வர்டின் தலை போட்ட முத்திரை, அதன் மேல் கொஞ்சம் சரிந்து விழுந்த திருகோணமலை தபால் கந்தோர் சீல், இடது கீழ் மூலையில் ஒரு மடிப்பு. ஒன்பது பவுண்டுக்கு எனக்கு விழுந்தது.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. அட்டையில் தேத்தண்ணீர் கொட்டிவிட்டதாம், மன்னிக்கட்டுமாம், காசைத் திருப்பிவிட்டாராம். நானும் ‘பரவாயில்லை, கவலைப்படாதீர்கள்’ என்று பதில் போட்டுவிட்டுப் படுத்தேன். இரண்டு கிழமை கழித்து அதே அட்டை இன்னொரு விற்பனைப் பக்கத்தில் நின்றது. அதே சரிந்த சீல், அதே மூலை மடிப்பு, தேத்தண்ணீர்க் கறை மட்டும் இல்லை. விலை 35 பவுண்ட்.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. நாணயம், முத்திரை, பழைய படம், விளக்கு, பூட்டு என்று இணையத்தில் ஏலம் கேட்கத் தொடங்குகிற எவருக்கும் முதல் ஒரு வருடத்துக்குள் ஒரு தடவையாவது நடக்கும். காரணம் சின்னது. விற்கிறவர் நினைத்த விலைக்குப் பொருள் போகவில்லை. வாயில் வருகிற சாட்டு எதுவானாலும் பத்தில் ஒன்பது தடவை உள்ளே இருப்பது அதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்கிறவை எல்லாம் தானாக விளங்கும்.

சட்டம் யார் பக்கம்?

கோயில் திருவிழாவில் மாம்பழத்தை ஏலம் விடுகிறார்கள். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு ‘இந்த விலைக்குத் தர ஏலாது’ என்று யாராவது மாம்பழத்தைத் திருப்பி எடுத்தால் சபை சும்மா இருக்குமா? சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலேயரின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. சுத்தியல் விழுந்தால் விற்பனை முடிந்தது என்பதுதான் அதன் அடிப்படை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்தபிறகு, கணினியில் நடந்தது என்கிற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ளவும் முடியாது.

வெளிநாடுகளில் இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர்கள் உண்டு. அவுஸ்திரேலியாவில் ஒருவர் 1946இல் கட்டிய வைராவே என்கிற பழைய போர் விமானத்தை ஈபே என்கிற இணைய ஏலத் தளத்தில் ஏலத்துக்கு விட்டார். 150,000 அவுஸ்திரேலிய டொலருக்கு ஒருவர் வென்றார். விற்றவருக்கோ வெளியே இன்னொருவர் ஒரு இலட்சம் டொலர் கூடத் தருவதாகச் சொல்லியிருந்தார், அதனால் பின்வாங்கினார். 2007இல் நியூ சவுத் வேல்ஸ் உயர் நீதிமன்றம் விமானத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் ஒரு பழைய கார் 1 யூரோவில் ஏலம் தொடங்கியது. சில மணிநேரத்தில் விற்கிறவர் ஏலத்தை இழுத்து மூடிவிட்டார். அதுவரை விழுந்திருந்தது 1 யூரோ கேட்பு மட்டும்தான். காரின் பெறுமதி 5,250 யூரோ. கேட்டவருக்கு 5,249 யூரோ நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2014இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்னது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பது பவுண்ட் தபாலட்டைக்காகத் திருகோணமலை உவர்மலையிலிருந்து இலண்டனுக்கு வழக்குப் போடப் போவதில்லை நீங்கள். எங்களுக்குக் கிடைக்கிற நீதிமன்றம் ஏலத் தளத்தின் விதிகள்தான். அதற்குள் நின்று விளையாடப் பழக வேண்டும்.

கேட்பதற்கு முன்

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது.

முதலில் தொடக்க விலையைப் பாருங்கள். பெறுமதியான பொருளை 99 பென்ஸில் தொடங்குகிறவர் இரண்டு வகை. ஒருவர் நூற்றுக்கணக்கில் விற்றுப் பழகிய வியாபாரி. ஒன்று குறைந்து போனால் இன்னொன்று கூடிப் போகும் என்று அவருக்குத் தெரியும். மற்றவர் அலுமாரி துப்புரவாக்கும்போது கண்டெடுத்ததைப் போட்டவர், ஆயிரக்கணக்கில் ஏறும் என்று கனவு காண்கிறவர். இரண்டாமவரிடம்தான் கவனம். விற்ற எண்ணிக்கை ஐந்து, ஆறு என்று இருந்தால் யோசியுங்கள். இருபது பவுண்டிலேயே தொடங்குகிற ஏலம் பார்க்கக் கசப்பாக இருக்கும், ஆனால் அந்த விலைக்கு அவர் மனதைத் திடப்படுத்திவிட்டார் என்று அர்த்தம். ஒதுக்கு விலை வைத்திருக்கிற ஏலமும் அப்படித்தான். அந்த மறைவான குறைந்தபட்ச விலையைத் தொடாமல் ஏலம் முடிந்தால் விற்பனையே நடக்கவில்லை, அதற்காக அவரோடு சண்டை பிடிக்கக் கூடாது.

அடுத்தது பின்னூட்டம், அதாவது முன்பு வாங்கியவர்கள் விற்கிறவரைப் பற்றி எழுதியது. நூற்றுக்கு 99 என்கிற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எதிர்மறையாக எழுதியவற்றை மட்டும் பிரித்து எடுத்து வாசியுங்கள். ‘வென்றேன், ரத்து செய்துவிட்டார்’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் எனக்கு அது போதும்.

விளக்கத்தையும் கடைசி வரி வரை வாசியுங்கள். ‘இந்தப் பொருள் கடையிலும் விற்பனைக்கு உண்டு, ஏலத்தை எப்போதும் நிறுத்தலாம்’ என்று ஒரு வரி அடியில் ஒளிந்திருக்கும். அப்படியானால் தாண்டிப் போங்கள்.

ஒரு விசேஷக் குறிப்பு எங்கள் ஊர்ப் பொருள் தேடுகிறவர்களுக்கு. ஆங்கிலேயர் காலத்தில் திருகோணமலையின் பெயரை ஒரே மாதிரி எழுதவில்லை. ஆங்கிலத்தில் கடைசியில் ‘ee’ என்பதற்குப் பதிலாக ‘ie’ என்று போட்டதும் உண்டு. விற்கிறவர்கள் இன்னும் வேறு மாதிரியெல்லாம் பிழையாக எழுதுவார்கள். அந்த எழுத்துக்களில் தேடினால் வேறு யாரும் கண்டுகொள்ளாத அட்டைகள் கிடைக்கும், மலிவாகவும் விழும். அங்கேதான் ஆபத்தும். போட்டி இல்லாமல் மலிவாகப் போன பொருளைத்தான் விற்கிறவர் திருப்பி இழுக்கப் பார்ப்பார். என் ஒன்பது பவுண்ட் அட்டையும் அப்படிப் பிழையான எழுத்தில் கிடைத்ததுதான்.

பிறகு விலாசம். ரத்து செய்வதற்கு ஈபே கொடுக்கிற காரணங்களில் ‘வாங்குகிறவரின் விலாசத்தில் சிக்கல்’ என்பதும் ஒன்று. அதைத் தெரிவு செய்தால் விற்கிறவரின் கணக்கில் கரும்புள்ளி விழாது, ஆகவே பின்வாங்குகிறவருக்கு அது வசதியான கதவு. அந்தக் கதவைப் பூட்டி வையுங்கள். வீட்டு இலக்கம், வீதி, திருகோணமலை, அஞ்சல் குறியீடு 31000, தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சரியாக நிரப்புங்கள். ‘கோயிலுக்குப் பின்னால், மூன்றாவது ஒழுங்கை’ என்பது எங்கள் தபால்காரருக்கு விளங்கும், மான்செஸ்டர்காரருக்கு விளங்காது. ஏலம் முடிய முன்னமே தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேட்டுவிடுங்கள்: இலங்கைக்கு அனுப்புவீர்களா, பதிவுத் தபாலுக்கு எவ்வளவு? ‘ஆம்’ என்று ஒரு பதில் எழுத்தில் இருந்தால், ‘இலங்கைக்கு அனுப்புவதில்லை’ என்கிற சாட்டு பிறகு எடுபடாது.

வங்கி அட்டையையும் பாருங்கள். இங்கே பல வங்கிகளின் அட்டைகளில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவை நாங்கள் சொல்லித்தான் திறந்துவிடுவார்கள். வென்ற பிறகு வங்கிக்கு ஓடினால் இரண்டு நாள் போய்விடும். ஏன் அந்த இரண்டு நாள் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

கேட்கும்போது

கடைசி நிமிடத்தில் மட்டும் கேட்கச் சொல்லித்தான் எல்லோரும் சொல்வார்கள். விலை ஏறாமல் இருக்க அது சரி. ஆனால் ஒருவரும் கேட்காமல் கிடக்கிற ஏலத்தை விற்கிறவர் எந்தத் தயக்கமும் இல்லாமல் மூடிவிடலாம், யாராவது இன்பொக்ஸில் வந்து ஒரு விலை சொன்னால் போதும். ஒரு கேட்பு விழுந்துவிட்டால் அந்தக் கேட்பை ரத்து செய்துதான் மூட வேண்டும், அது பதிவாகும். முடிய 12 மணிநேரத்துக்குக் குறைவாக இருந்தால் ஈபே அவரை இஷ்டத்துக்கு மூடவும் விடாது. அதனால் நான் செய்வது இது: முதல் நாளே தொடக்க விலைக்கு ஒரு சின்னக் கேட்பு. அது ஒரு நங்கூரம். உண்மையான விலையைக் கடைசி நேரத்தில் போடுவேன். நண்பர்கள் சிலர் இதைப் பிழை என்பார்கள், விலையைத் தேவையில்லாமல் கிளப்புகிறேனாம். இருக்கலாம், எனக்கு இது சரிவருகிறது.

வென்ற பத்து நிமிடத்துக்குள்

நித்திரை தூங்கி வழிந்தாலும் படுக்கப் போகாதீர்கள். ஏலப் பக்கம் முழுவதையும் ஸ்க்ரீன்ஷொட் எடுங்கள்: தலைப்பு, விளக்கம், இறுதி விலை, முடிந்த நேரம், பொருளின் இலக்கம், விற்கிறவரின் பெயர். படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கித் தனித்தனியே சேமியுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். பழைய பொருளுக்கு ஒரு நன்மை உண்டு, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. மூலை மடிப்பு, சரிந்த சீல், நாணயத்தின் விளிம்பில் ஒரு வெட்டு, இவைதான் அதன் கைரேகை. நான் அன்று படத்தைச் சேமித்திருந்தபடியால்தான் 35 பவுண்ட் அட்டையும் அதே அட்டைதான் என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தது.

உடனே காசைக் கட்டுங்கள். ‘நாளைக்குச் சம்பளம்’ என்று வைக்காதீர்கள். நான்கு நாளாகியும் காசு வரவில்லை என்றால் ‘வாங்குகிறவர் கட்டவில்லை’ என்று ரத்து செய்ய ஈபே விற்கிறவருக்கு இடம் கொடுக்கிறது. பின்வாங்கக் காரணம் தேடுகிறவருக்கு அந்தக் காரணத்தை நாங்களே கையில் கொடுத்த கதையாகிவிடும், கெட்ட பெயரும் எங்களுக்குத்தான். வங்கி அட்டையின் இரண்டு நாள் அதனால்தான் முக்கியம்.

அந்தச் செய்தி வரும்போது

சாட்டுகள் அதிகம் இல்லை. உடைந்துவிட்டது, தொலைந்துவிட்டது, கடையில் விற்றுவிட்டது தெரியாமல் போயிற்று, மனைவி யாருக்கோ கொடுத்துவிட்டார், விலையைப் பிழையாகப் போட்டுவிட்டேன். உண்மையாகவே உடைவதும் உண்டு, அதனால் முதல் பதிலில் கோபம் வேண்டாம். நான் இப்போது எழுதுவது இவ்வளவுதான்:

‘உங்கள் செய்தி கிடைத்தது. பொருள் பழுதடைந்திருந்தாலும் எனக்கு அது வேண்டும், இருக்கிற நிலையிலேயே அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் பழுதின் படம் ஒன்றைத் தயவுசெய்து இங்கே போடுங்கள். ரத்து செய்யும்படி நான் கேட்கவில்லை.’

உண்மையில் தேத்தண்ணீர் கொட்டியிருந்தால் படம் வரும். பெரும்பாலும் சில நூறு ரூபா குறைத்துப் பொருளும் வரும். பொய்யென்றால் மௌனம், அல்லது படம் எடுக்க முதல் குப்பையில் போட்டுவிட்டேன் என்பார்கள். கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். ஏனென்றால் அடுத்து வரப்போவது இதுதான்: ‘நீங்கள் ஒரு தடவை ரத்துக் கோரிக்கை போட்டுவிடுங்கள், காசு கெதியாகத் திரும்பிவிடும்.’

இதைச் செய்யவே வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் விழுகிற பெரிய குழி இது. கையிருப்பில் இல்லை அல்லது பழுதாகிவிட்டது என்று விற்கிறவரே ரத்து செய்தால் அவரது கணக்கில் ஒரு குறை பதிவாகும், அது சேரச் சேர அவருக்குத் தளத்தில் மதிப்பு இறங்கும். வாங்குகிறவர் கேட்டதாக ரத்தானால் ஒன்றும் பதிவாகாது. நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் காசு திரும்பித்தான் ஆக வேண்டும். அவர் ‘கெதியாக’ என்பது உங்களுக்காக அல்ல.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி, பல்கலைக்கழக விடுமுறையில் நாணயம் சேர்க்கத் தொடங்கியவன். 1821ஆம் ஆண்டு வெள்ளி றிக்ஸ் டொலர் ஒன்று, பின்பக்கம் யானை உள்ளது, நல்ல விலைக்கு விழுந்துவிட்டது என்று ஓடி வந்தான். மறுநாள் தொலைபேசியில் அழைத்தான்.

‘அண்ணா, அவர் நல்ல மனுசன். ரத்து செய்யச் சொல்லிக் கேட்டார், பாவம் என்று செய்துவிட்டேன்.’

‘காசு வந்ததா?’

‘வந்தது. ஆனால் அனுப்பினதை விடக் குறைவாக இருக்கிறதே?’

அதுவும் நடக்கும். காசு போகும்போது ஒரு மாற்று விகிதம், திரும்பும்போது இன்னொன்று. இடையில் வங்கியின் கட்டணமும் உண்டு. விற்கிறவர் முழுத் தொகையையும் திருப்பினாலும் ரூபாவில் கொஞ்சம் கடித்துவிடும். அதை யாரிடமும் கேட்க முடியாது.

இன்னொரு வலை: ரத்து செய்துவிட்டு ‘வட்ஸ்அப்பில் வாருங்கள், இதைவிட மலிவாகத் தருகிறேன்’ என்பார்கள். தளத்துக்கு வெளியே கால் வைத்தால் அதன் பாதுகாப்பு ஒன்றும் உங்களோடு வராது. வென்றவர் காசு கட்டவில்லை, இரண்டாவதாக நின்ற உங்களுக்கே தருகிறேன் என்று தனி மின்னஞ்சல் வந்தாலும் தளத்துக்குள் போய் அதே வாய்ப்பு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

ரத்தும் செய்யாமல், அனுப்பாமலும் இழுத்தடித்தால் நாட்களை எண்ணுங்கள். பொருள் வந்துசேர வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஈபேயில் ‘பொருள் கிடைக்கவில்லை’ என்று கோரிக்கை திறக்க வேண்டும். பேபால் என்கிற இணையக் கொடுப்பனவுச் சேவையில் கட்டியிருந்தால், கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை அங்கே முறைப்பாடு செய்யலாம். ‘அடுத்த கிழமை அனுப்புகிறேன்’ என்று மூன்று தடவை சொல்கிறவர் இந்தத் தேதிகளை எங்களை விட நன்றாக அறிந்தவர்.

பின்னூட்டம் எழுத 60 நாள் இருக்கிறது. காசு கைக்கு வந்த பிறகே எழுதுங்கள். திட்ட வேண்டாம், நடந்ததை மட்டும்: ‘ஏலம் முடிந்து காசும் கட்டினேன், பழுது என்று ரத்து செய்தார், இரண்டு கிழமையில் அதே பொருளைக் கூடிய விலைக்குப் போட்டார்.’ இதைவிடச் சூடான வசனம் தேவையில்லை. அந்தப் பொருளின் பெயரில் ஒரு தேடலைச் சேமித்து வையுங்கள், திரும்பவும் போட்டால் அறிவிப்பு வரும். வந்தால் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துத் தளத்துக்கு முறையிடலாம்.

பேஸ்புக் ஏலம்

எங்கள் நாட்டுக்குள் பழைய தாள், நாணயக்குற்றி, முத்திரை ஏலம் அதிகம் நடப்பது பேஸ்புக் குழுக்களில். விற்கிறவர் படத்தைப் போட்டு ‘இன்று இரவு பத்து மணிக்கு முடியும்’ என்பார், ஆட்கள் கொமென்டில் தொகையைப் போடுவார்கள். இங்கே விதி என்று இருப்பது குழுவை நடத்துகிறவரின் சொல் மட்டும்தான். பத்து மணிக்கு விலை போதாது என்று தெரிந்தால் போஸ்ட்டே காணாமல் போய்விடும். ஆகவே பத்து மணி ஒரு நிமிடத்துக்கே கொமென்டுகளோடு சேர்த்து ஸ்க்ரீன்ஷொட் எடுங்கள், அவருடைய பக்கத்தின் இணைப்பையும் சேமியுங்கள்.

காசு கொடுக்காத நிலையில் அவர் பின்வாங்கினால், குழு நடத்துகிறவருக்கு எடுத்ததை அனுப்பிவிட்டு விட்டுவிடுவதே என் வழக்கம். குழுவில் பெயர் போட்டுத் திட்டி எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. சேகரிப்பாளர் உலகம் மிகச் சின்னது, அடுத்த வருடம் எனக்கு வேண்டிய ஒரு அட்டை அவரிடமே இருக்கும். காசை வாங்கிவிட்டுப் பொருளும் தராமல் காசும் தராமல் இருந்தால் அது வேறு விஷயம். வங்கிச் சிலிப், கணக்கின் பெயர், உரையாடல் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். ஆளைத் தெரியும், தகராறு தொகையில்தான் என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலே பேசி முடிக்கலாம். அந்த நிலைக்குப் போகாமல் இருக்க, பெரிய தொகை என்றால் பொருளைக் கொடுத்துக் காசை வாங்குகிற தபால் முறையைக் கேளுங்கள், அல்லது நேரில் சந்தியுங்கள். பஸ் நிலையத்தில் ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை.

அவர் பின்வாங்குவது சரியாக இருக்கிற இடம்

ஒல்லாந்தர் கோட்டைப் பக்கம் மழைக்குப் பிறகு கண்டெடுத்தது என்று சொல்லி ஒல்லாந்தக் கம்பனியின் செப்புக்காசு, துய்ட் என்பார்கள், விற்பனைக்கு வரும். இங்கே இருந்து வெளிநாட்டுக்கு விற்கிற ஒருவர் ஏலம் முடிந்த பிறகு ‘அனுப்ப முடியாது’ என்றால் அவரைத் திட்ட முதல் பொருளின் காலத்தைப் பாருங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் கோடு கிழித்திருப்பது 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் நடந்த நாள். அதற்கு முந்திய பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். நிலத்துக்குள்ளிருந்து எடுத்ததென்றால் அது அரசுக்கே சொந்தம், கண்டெடுத்தவர் விற்கவே முடியாது. யாரோ ஒருவர் அதை நேரத்தோடு சொல்லியிருப்பார், அவர் பயந்து பின்வாங்கியிருப்பார். 1821 றிக்ஸ் டொலர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். கம்பனிக் காசு அந்தப் பக்கம்.

டொரன்டோவில் இருக்கிற மச்சான் ‘அந்தக் கம்பனிக் காசை நீ ஏலத்தில் எடுத்து எனக்குத் தபாலில் போட்டுவிடு’ என்று கேட்டால், இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.